தொட்டுப் பார்க்க ஒரு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாட்டுங்காவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீணை கற்பித்து வருபவள் என்ற முறையில், மும்பைத் தமிழ்ச் சபாக்களின் நிர்வாகிகளுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். சங்கீதப் பயிற்சி எதுவும் இல்லாத ஒருவர், சேர்க்கைக் கட்டணமோ தொடர்ந்து வருவேன் என்ற உறுதிமொழியோ இல்லாமல், ஒரு மணி நேரம் வீணையின் முன் உட்கார்ந்து மீட்டிப் பார்க்கும் வாய்ப்பை மாதம் ஒரு முறையாவது ஏற்படுத்தித் தர வேண்டும் என்பதே அது.

கடந்த ஏப்ரலில் மகன் குடும்பத்தோடு ஜப்பான் சென்றிருந்தபோது இந்த எண்ணம் தோன்றியது. கியோட்டோவில் மற்றவர்கள் கோயில்களைப் பார்க்கப் போன ஒரு பிற்பகலில், நான் மட்டும் ஷாமிசென் அறிமுக வகுப்பு ஒன்றுக்குச் சென்றேன். ஒரு மணி நேரத்துக்கு நம் பணத்தில் ஏறத்தாழ 3,000 ரூபாய். ஷாமிசென் மூன்று தந்திகள் கொண்ட கருவி. சீனாவிலிருந்து ரியூக்யூ தீவுகள் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கு வந்தது. சதுரமான மரச்சட்டத்தின் இருபுறமும் தோல் போர்த்தியிருப்பார்கள். மரபாகப் பூனைத் தோலோ நாய்த் தோலோ பயன்பட்டு வருகிறது. எனக்குக் கொடுத்த பயிற்சிக் கருவியில் செயற்கைத் தோல்தான் இருந்தது.

ஆசிரியைக்கு எழுபது வயது இருக்கும். ஆங்கிலம் சில சொற்களுக்கு மேல் அவருக்குத் தெரியாது, எனக்கு ஜப்பானிய மொழி அறவே தெரியாது. முதல் இருபது நிமிடங்கள் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. கருவியை வலது தொடையில் வைத்து, முன்கையை அதன் விளிம்பில் பதித்து, இடது கை தண்டைத் தாங்காமல் தழுவி மட்டும் நிற்கும்படி என்னை உட்கார வைப்பதிலேயே அந்த நேரம் போயிற்று. பிறகு இடக்கைப் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் இணைக்கும் சிறிய பின்னல் உறை ஒன்றை மாட்டிவிட்டார். தண்டின் மேல் கை வழுக்கிச் செல்வதற்காக அது. வீணைத் தண்டில் குறுக்கே பதித்த 24 மெட்டுகளில் பழகிய என் விரல்கள், ஒரு மெட்டும் இல்லாத அந்தத் தண்டில் இடம் தெரியாமல் தவித்தன. வலக்கையில் விசிறிபோல விரிந்த பெரிய மீட்டுக்கட்டை. அதைத் தந்தியில் இறக்கும்போது தோலின் மேலும் விழுவதால், ஒரே அடியில் தந்தியின் நாதமும் மத்தளத்தின் ஓசையும் சேர்ந்து எழுகின்றன.

அவர் வாயால் சொல்லிக் காட்டியதை நான் மறக்க மாட்டேன். தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 'டொன்', அழுத்தி மீட்டினால் 'சின்', தந்திகளைச் சேர்த்து மீட்டினால் 'ஷான்' என்று, எந்தத் தந்தியை எப்படி மீட்ட வேண்டும் என்பதை ஒலியாகவே சொல்லித் தரும் முறை அங்கே வழிவழியாக இருக்கிறது. 'தகதிமி' போன்ற மிருதங்கச் சொற்கட்டைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதன்பின் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் சொன்னார், நான் திரும்பச் சொன்னேன், பிறகு வாசித்தேன்.

அடுத்து, தண்டின் மேல்கோடியை என் கண்ணருகே கொண்டுவந்து ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டினார். இரண்டாம், மூன்றாம் தந்திகள் ஒரு சிறு உலோகப் பட்டையின் மேல் ஏறிச் செல்கின்றன. தடித்த முதல் தந்தி மட்டும் அதற்கு வெளியே நின்று, மரத்தை மெல்ல உரசி, வண்டு முரல்வதுபோல் அதிர்கிறது. அதை 'சவாரி' என்கிறார்கள். ஜப்பானிய மொழியில் அதற்குத் தொடுதல் என்று பொருள். மற்ற தந்திகள் சுருதியோடு சேர்ந்துவிட்டால், மீட்டாமலேயே முதல் தந்தியும் உடன் ரீங்கரிக்கிறது. நம் தம்பூராவில் தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் இடையே நூலை நகர்த்தி நகர்த்தி 'ஜீவா' என்னும் ரீங்காரத்தைப் பிடிக்கிறோமே, அதே நாதத்தை நாடி, கடல் கடந்த இன்னொரு கூட்டம் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. நான் என் கைப்பேசியில் தம்பூரா நாதத்தை ஒலிக்கச் செய்து அவர் காதருகே பிடித்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

கடைசிப் பத்து நிமிடங்களில் 'சகுரா' என்ற பழைய நாட்டுப் பாடலின் முதல் இரண்டு வரிகளை வாசித்தேன். அப்பாடல் முடியும் ஸ்வரத்தை ஷட்ஜமாகக் கொண்டால், சுத்த ரிஷபம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம் என்று நம் கர்நாடக சுத்த சாவேரி ராகத்தின் ஸ்வரங்களே வருகின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயர்தர ஷாமிசென்களின் தண்டுக்கு அவர்கள் தலைமுறைகளாக விரும்பித் தேடும் மரம், நம் கடப்பா, சித்தூர்ப் பக்கத்து மலைகளில் விளையும் செம்மரம்.

இந்த ஒரு மணி நேரத்தால் நான் ஷாமிசென் கலைஞராகிவிடவில்லை. ஆனால் அதன்பின் ஒசாகாவில் புன்ராகு பொம்மலாட்டம் பார்த்தபோது, மேடையோரத்தில் ஷாமிசென் வாசித்தவரின் மணிக்கட்டு எங்கே திரும்புகிறது, அவர் ஏன் இடையிடையே சுருதி கூட்டும் முடுக்காணியைத் தொடுகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது. மூன்று மணி நேரமும் அசையாமல் உட்கார்ந்து கேட்டேன். ஒரு ரசிகர் உருவாவது இப்படித்தான் என்று நம்புகிறேன்.

மேற்கத்திய இசையே பள்ளிகளில் நிலைத்துவிட்ட நாடு ஜப்பான். அங்கே 2002 முதல், நடுநிலைப் பள்ளியின் மூன்று ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு மாணவரும் மரபுக் கருவி ஒன்றையாவது வாசித்துப் பார்க்க வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. இத்தனைக்குப் பிறகும் அங்கே நிலைமை எளிதாக இல்லை. 2020ஆம் ஆண்டில், அந்நாட்டின் மிகப் பெரிய ஷாமிசென் தயாரிப்பு நிறுவனமே மூடும் நிலைக்கு வந்து, இசைக்கலைஞர்கள் கைகொடுத்ததால் தொடர்ந்தது.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? சில ஆண்டுகளுக்கு முன், நான் வகுப்பெடுத்து வந்த ஓர் இசைப் பள்ளிக்கு மராத்தியப் பெண் ஒருவர் வந்து, வீணையை ஒருமுறை மீட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். முதலில் வாய்ப்பாட்டு கற்க வேண்டும், சொந்த வீணை வாங்க வேண்டும், ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த அறையில் இருந்த நானும் எழுந்து போய் அவரை அழைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

இப்படி ஒரு மணி நேரத்தில் தொட்டுப் பார்க்க விடுவது கலையைக் கொச்சைப்படுத்தும் என்று மூத்த வித்வான்கள் சிலர் கருதுவதை அறிவேன். அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் இதில் உடன்பட முடியவில்லை. கியோட்டோவில் எனக்குக் கற்பித்த அந்த அம்மையார் எதையும் எளிதாக்கிக் காட்டவில்லை. உட்காருவதே கடினம் என்பதைத்தான் முதலில் உணர்த்தினார். அந்தக் கடினத்தை உடம்பால் அறிந்தவர், கச்சேரியில் தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போக மாட்டார்.

கருவி கெட்டுவிடும் என்ற அச்சம் நியாயமானது. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பவை. பழகாத கைகள் அழுத்தினால் அவை நகர வாய்ப்புண்டு. அதற்காகவே பழைய பயிற்சி வீணைகளை ஒதுக்கி வைக்கலாம், முதல் கால் மணி நேரம் தம்பூராவை மட்டும் மீட்டச் சொல்லலாம். நல்ல தம்பூராக்கள் நம் மகாராஷ்டிரத்து மிரஜிலேயே கிடைக்கின்றன. விளக்கம் தமிழில் மட்டும் இல்லாமல் மராத்தியிலும் இந்தியிலும் இருக்க வேண்டும். சயானிலும் செம்பூரிலும் பகல் நேரத்தில் பூட்டிக் கிடக்கும் ஒத்திகை அறைகள் இதற்குப் போதும்.

வரும் விஜயதசமி முதல், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணி முதல் 6 மணி வரை, என் வீட்டுக் கூடத்து ஜமக்காளத்தில் இரண்டு வீணைகளும் ஒரு தம்பூராவும் சுருதி சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் குஜராத்தி, மராத்திக் குடும்பங்களிடம் இப்போதே சொல்லியிருக்கிறேன். இடமும் கூடுதல் கருவிகளும் தர முன்வரும் சபா எதுவானாலும், அங்கே வந்து ஊதியமின்றிச் சொல்லித் தர நானும் என் மாணவியர் நால்வரும் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வீணை ஆசிரியை ஒருவர்,
மாட்டுங்கா, மும்பை.