டெராஃப்ளாப்ஸ் போதாது, வாட் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வரப்போகும் கையடக்க கேம் கன்சோல்கள் பற்றி நீங்கள் வெளியிடும் ஊகச் செய்திகளிலும் அட்டவணைகளிலும் 'இத்தனை டெராஃப்ளாப்ஸ்' (நொடிக்கு இத்தனை லட்சம் கோடி கணக்குகள்) என்ற ஒரே எண்தான் கொட்டை எழுத்தில் வருகிறது. கிராபிக்ஸ் கோர்களின் எண்ணிக்கையை 2-ஆலும் (ஒரு சுற்றில் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல்) கடிகார வேகத்தாலும் பெருக்கினால் வருவதுதான் அது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக்கில் 512 கோர், 1.6 ஜிகாஹெர்ட்ஸ், ஆக 1.6 டெராஃப்ளாப்ஸ். அடுத்த ஆண்டு வந்த அஸுஸ் கருவியின் இசட்1 எக்ஸ்ட்ரீம் சிப்பில் 768 கோர், 2.8 ஜிகாஹெர்ட்ஸ். கணக்குப்படி 4.3 வர வேண்டும், விளம்பரத்தில் 8.6! ஒரே சுற்றில் இப்படி இரண்டு கட்டளைகளைச் சேர்த்து இயக்கும் வசதி இருப்பதால் இன்னொரு முறை இரட்டித்துவிட்டார்கள். கேம் ஓடும்போது அந்த இரட்டிப்பு பெரும்பாலும் கைக்கு வருவதில்லை. மெமரி வேகமோ ஸ்டீம் டெக்கில் நொடிக்கு 88 ஜிபி, அஸுஸில் 102. காகிதத்தில் ஐந்து மடங்கு பலம், சிப்புக்குத் தரவைத் தீனி போடும் மெமரியில் ஆறில் ஒரு பங்குதான் கூடுதல்.

ஊகிக்க விரும்புகிறவர்கள் பேட்டரியிலிருந்து தொடங்கட்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இன் பேட்டரி 5220 எம்ஏஎச், அதாவது ஏறக்குறைய 20 வாட்-மணி. நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச நேரம் 2 மணி. வாட்-மணியை மணியால் வகுத்தால் 10 வாட். திரை, வைஃபை, ஃபேன், சிப் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 40 வாட்-மணி பேட்டரி கொண்ட கருவியில் சிப்புக்கு மட்டும் 30 வாட் கொடுத்தால், மற்றவற்றுக்கு 10 வாட் போக, ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்தது. டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கில் செருகியபோது உள்ள வேகத்தைக் கையில் கிடைக்கும் வேகமாக எழுதிவிடுவது இன்னொரு குளறுபடி. பழைய ஸ்விட்சின் கிராபிக்ஸ் டாக்கில் 768 மெகாஹெர்ட்ஸ். கையில் பெரும்பாலும் 307 அல்லது 384தான்.

சென்னைக்காரர்களுக்கு வெயில் கணக்கும் உண்டு. ஸ்டீம் டெக் 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில்தான் நன்றாக இயங்கும், அதற்கு மேல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அதைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனமே 2022-இல் எச்சரித்தது. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை அந்த எல்லையை மதியமே தாண்டிவிடும். ரிச்சி தெருவில் கிளிப் ஃபேன் வாங்கி மாட்டினாலும் அது அதே சூடான காற்றைத்தான் தள்ளும். பிரேம் வேகத்தை நொடிக்கு 40 படங்களில் நிறுத்தி, சிப்புக்கு 10 வாட் வரம்பு வைத்து, மெத்தை மேல் வைக்காமல், சார்ஜ் ஏற்றிக்கொண்டே ஆடாமல் இருந்தால் சூடு வெகுவாகக் குறையும். வரப்போகும் கருவி எவ்வளவு பலசாலியானாலும் இதிலிருந்து தப்பாது.

அடுத்த முறை அட்டவணை போடும்போது பேட்டரியின் வாட்-மணி, கையில் இருக்கும்போது சிப்பின் வாட், மெமரி வேகம் ஆகிய மூன்று பத்திகளையும் சேர்க்க வேண்டுகிறேன். டெராஃப்ளாப்ஸ் எண் டாக்கில் உள்ளதா, இரட்டித்ததா என்பதை அதன் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.

வாசகர்,
வேளச்சேரி, சென்னை