மில்லுக்கு வந்த புது மெஷின்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய சந்தோசம். இங்கும் எல்லோரும் சுகம். பெரும்போக வெட்டு முடிகிற நேரம், காரைதீவிலிருந்து சம்மாந்துறை வரைக்கும் றோட்டோரம் எல்லாம் நெல் காய்கிறது.

புது மென்பொருள் வந்ததிலிருந்து உங்கள் வங்கிக் கிளையில் மூத்தவர்கள் வேலையில் பின்தங்கிவிட்டார்கள், வயது போனால் படிக்க ஏலாது என்று எழுதியிருந்தாய். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் அரிசி மில்லில் கலர் சோட்டர் என்று, நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கிற மெஷின் ஒன்று பூட்டியிருக்கிறோம். அரிசி வழுக்கி விழும்போதே கமரா பார்த்து, கறுத்த மணியைக் காற்றடித்து ஒதுக்கிவிடும். ஆனால் பக்கத்தில் நிற்பவர் கவனிக்காவிட்டால் அது உதவாது. கண்ணாடியில் தவிட்டுத் தூசி படிந்தால் கமராவுக்குத் தெரியாது. உணர்திறனைக் கூட்டினால் நல்ல அரிசியும் கழிவோடு போகும், குறைத்தால் கறுத்த மணி மூட்டைக்குள் வரும். கொம்பிரசர் காற்றில் ஈரம் சேர்ந்தாலும் கரைச்சல்தான்.

அந்தக் கவனம் முதலில் யாரிடமும் இருக்கவில்லை. சுளகால் புடைத்துக் கையால் பொறுக்கிப் பழகிய பெண்கள், "இது வந்தா நம்மள நிப்பாட்டிருவாங்க" என்றுதான் பேசிக்கொண்டார்கள். கழிவில் நல்ல அரிசி கொட்டுவதைக் கண்டாலும் வாய் திறக்கமாட்டார்கள். தன் வயிற்றில் அடிக்க வந்த சாமானுக்கு யார் மனமுவந்து வேலை செய்வார், சொல்லு?

பிறகு முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, யாரையும் நிறுத்தமாட்டேன், கூலியும் குறையாது என்று சொன்னார். பொறுக்கும் வேலையில் மூத்த அக்காவையே மெஷினுக்குப் பொறுப்பாக்கினார். இப்போது அவ கழிவில் ஒரு கை அள்ளிப் பார்த்தே எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவா. பொத்தான் அமர்த்தப் பொடியன்மாருக்கும் தெரியும். அரிசியை அவவுக்குத்தான் தெரியும்.

பிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் எழுதியது இது: ஒரு தொழில்நுட்பம் தன் வேலைக்கு உதவும், அதைக் கையாள்வதும் கஷ்டமில்லை என்று பட்டால்தான் ஆட்கள் அதை ஏற்பார்கள். உண்மைதான். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில், போனில் கியூஆர் கோட் காட்டினால்தான் எரிபொருள் என்ற முறை வந்தபோது, பெற்றோல் கிடைக்கும் என்றதும் போனைத் தொடாத பெரியவர்கள்கூடப் பழகிக்கொண்டார்களே. ஆனால் கூலிக்கு நிற்பவருக்கு இந்த இரண்டுக்கும் முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: நாளைக்கும் எனக்கு வேலை இருக்குமா? அதற்குப் பதில் கிடைக்கும்வரை எந்தப் பயிற்சியும் தலைக்குள் ஏறாது.

உங்கள் மூத்தவர்களிடம் அதை யாராவது பேசினார்களா? கொழும்பிலிருந்து வந்தவர் ஒரு பின்னேரம் இங்கிலீசில் விளக்கிவிட்டுப் போனார் என்று நீயே எழுதியிருக்கிறாய். மெனேஜரோடு கதை மச்சான். பக்கத்தில் இருந்து ஆறுதலாகத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளை ஒழுங்குபண்ணச் சொல்லு. எப்படிப் போகிறது என்று அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் நண்பன்