ஆண்டறிக்கை 2024–25: நம் வீடியோ ரெக்கார்டரும் நிலுவையில் உள்ள சந்தாவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய, மதுரையில் இயங்கும் நம் மின்னணு ஆர்வலர் சங்கத்தின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். செப்டம்பரில் மென்பொருள் சுதந்திர நாளையொட்டி ஒரு பள்ளியில் மாணவர்களுக்கு லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தை நிறுவிக் காட்டினோம். ஆயுத பூஜையும் பொங்கலும் வழக்கம்போல் நடந்தன. மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தினோம். அலுவலகக் கூரையில் ஒழுகிய இடம் பூசப்பட்டது.

இனி இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு, அதாவது டிவி நிகழ்ச்சிகளைப் பதியும் ரெக்கார்டரை நாமே செய்ததற்கு வருகிறேன். போன பொதுக்குழுவில் சிலர் என்னிடம் நேராகவே கேட்டார்கள்: "ரெக்கார்டர் கடையிலேயே கிடைக்கிறதே, சங்கப் பணத்தில் எதற்கு ஒன்றைச் செய்ய வேண்டும்?" அன்று நேரம் இல்லாததால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

தல்லாகுளத்தில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், பதிவு வசதியுள்ள டிடிஎச் பெட்டி ஒன்றைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். சித்திரைத் திருவிழா நேரலைகள், அவருடைய அப்பா பங்கேற்ற ஒரு பட்டிமன்றம் என்று நிறைய அதில் சேர்ந்திருந்தன. பெட்டி பழுதானது. அப்பாவும் அதற்கு முன்பே தவறிவிட்டார். பெட்டிக்குள் இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிச் சங்கத்துக்குக் கொண்டுவந்தார். டிஸ்க் நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் பதிவுகள் எல்லாம் அந்த ஒரு பெட்டியின் சாவியால் பூட்டப்பட்டவை. வேறு பெட்டியிலோ கணினியிலோ ஓடாது. நிறுவனத்திடம் கேட்டதற்குப் புதுப் பெட்டி தருவதாகச் சொன்னார்கள், பழைய பதிவைப் பற்றிப் பேச்சே இல்லை. தன் வீட்டில், தன் காசில் வாங்கிய டிஸ்க்கில் இருப்பதைத் தானே பார்க்க முடியாத நிலை. அந்த டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் இந்தத் திட்டத்தை நான் கையில் எடுத்தேன்.

யாரும் உள்ளே பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறந்த ரெக்கார்டர் ஒன்றும் நாம் கண்டுபிடித்ததல்ல. 2000ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் கிளாஸ் ஷ்மிடிங்கர் என்பவர் டிவி நிகழ்ச்சிகளைப் பதியும் வி.டி.ஆர். என்ற மென்பொருளைத் தொடங்கினார். இன்றும் அவரே அதைப் பராமரித்து வருகிறார். 2002இல் ஐசக் ரிச்சர்ட்ஸ் அதே வகையான மித்டிவியைத் தொடங்கினார். சிகாகோவைச் சேர்ந்த நியூரோஸ் நிறுவனம் ஒரு படி மேலே போய், கருவியையே திறந்த நிலையில் விற்றது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களில் எந்தப் படம் வந்தாலும் அதை எம்பெக்-4 என்ற சுருக்கிய வீடியோ வடிவத்துக்கு மாற்றி, யூஎஸ்பி டிஸ்க்கிலோ மெமரி கார்டிலோ எழுதும் சின்னப் பெட்டி அது. புது வசதி எழுதிக் கொடுக்கும் ஆர்வலர்களுக்கு அந்த நிறுவனம் பரிசுப் பணமும் அறிவித்தது. அந்தப் பெட்டி இன்று விற்பனையில் இல்லை. ஆனால் நாம் செய்ய நினைத்தது அதே மாதிரியான ஒன்றைத்தான்.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. 1999இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிவோ ரெக்கார்டர் லினக்ஸில்தான் ஓடியது. ஆர்வலர்கள் அதைத் திறந்து பெரிய டிஸ்க் மாட்டினார்கள், மென்பொருளை மாற்றினார்கள். பின்னால் வந்த பெட்டிகளோ, நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத மென்பொருளை ஓடவே விடவில்லை. மென்பொருளை எழுதிய மூல நிரலைக் கொடுத்தார்கள், ஆனால் மாற்றிய நிரலை அதே பெட்டியில் ஓட்ட முடியாது. திறந்த மென்பொருள்கள் பலவற்றுக்குப் பயன்படும் ஜி.பி.எல். உரிமத்தின், 2007 ஜூனில் வெளியான மூன்றாம் பதிப்பு இந்த வழக்கத்தைத் தடுக்கவே தனி விதி சேர்த்தது. நிரல் மட்டும் திறந்திருந்தால் போதாது, பெட்டியும் நம் பேச்சைக் கேட்க வேண்டும். கடையில் வாங்கலாமே என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்.

நாம் செய்த பெட்டியில் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி, செயற்கைக்கோள் சிக்னலை வாங்கித் தர யூஎஸ்பியில் மாட்டும் டிவிபி-எஸ்2 ட்யூனர், ஒரு டெராபைட் டிஸ்க், இவ்வளவுதான். மென்பொருள் டிவிஹெட்எண்ட். வி.டி.ஆர்., மித்டிவி இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம். செல்போன் பிரவுசரிலேயே எல்லாவற்றையும் செய்யலாம் என்பதால் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் சுலபம். சிக்னலுக்கு ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வரும் டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் இல்லை. சாதாரணத் தரத்தில் ஒரு சேனல் வினாடிக்கு மூன்று மெகாபிட் அளவில் வந்தால், ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒன்றே கால் ஜிபிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஒரு டெராபைட்டில் எழுநூறு மணி நேரம் தாராளமாக அடங்கும்.

ஆரம்பத்தில் பதிவுகளில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. டிஷ் சரியில்லை என்றார்கள், கேபிள் சரியில்லை என்றார்கள், என் தேர்வே சரியில்லை என்றும் ஒருவர் சொன்னார். காரணம் வேறு. ராஸ்பெர்ரி பை 4 தன் யூஎஸ்பி வாய்கள் நான்குக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் தரும். ட்யூனரும் டிஸ்க்கும் ஒரே நேரத்தில் இழுத்தால் மின்சாரம் போதாது, ட்யூனர் ஒரு கணம் தடுமாறும், அந்தக் கணத்தில் வந்த தரவு போய்விடும். போதாக்குறைக்கு, சில வீடுகளில் பழைய செல்போன் சார்ஜரை மாட்டியிருந்தார்கள். சரியான அடாப்டரும், தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப்பும் வாங்கி வைத்ததும் உடைசல் நின்றுவிட்டது. இந்தச் செலவைத்தான் கணக்கில் "உதிரி" என்று பார்ப்பீர்கள்.

2024 ஏப்ரல் 23 விடியற்காலை, கள்ளழகர் வைகையில் இறங்கும் நேரலையை அனுப்பானடியில் ஒரு வீட்டில் உள்ள நம் பெட்டியில் பதிவு செய்தோம். நடுவில் கரண்ட் போய்விட்டது. வீட்டுக்காரர் எல்லாம் போச்சு என்று எனக்கு போன் செய்தார். போகவில்லை. நாம் பதிவதை எம்பி4 ஆக மாற்றாமல், வானிலிருந்து வரும் டி.எஸ். வடிவத்திலேயே வைக்கிறோம். அது 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களின் வரிசை. எந்த இடத்தில் அறுந்தாலும் அதுவரை எழுதியது ஓடும். எம்பி4 கோப்பில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும், அதற்கு முன் மின்சாரம் போனால் முழுக் கோப்பும் திறக்காது. அழகர் ஆற்றில் இறங்கிய காட்சி முழுதாகக் கிடைத்தது. அந்த வீட்டில் படுக்கையில் இருக்கும் அம்மா அதை இப்போதும் போடச் சொல்லிப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு மிகுந்த மனநிறைவு.

அப்புறம், தமிழ் எழுத்துச் சிக்கல். டிவி திரையில் நிகழ்ச்சிப் பெயர் வரும்போது "கொ"வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறி நின்றது. மூல நிரல் கையில் இருந்ததால், நம் கல்லூரி மாணவ உறுப்பினர் எழுத்துகளைச் சேர்க்கும் பகுதியைத் தேடிப் பிடித்துத் திருத்தினார். பதிவு முடிந்ததும் கோப்புக்குத் தேதியோடு தமிழில் பெயர் வைத்துத் தனி அடைவில் போடும் நிரலும் அவர் எழுதியதே. சொன்ன நேரத்துக்கு நிகழ்ச்சி தொடங்காத நாட்களுக்காக, முன்னால் ஐந்து நிமிடமும் பின்னால் பத்து நிமிடமும் சேர்த்துப் பதியும்படி எல்லாப் பெட்டிகளிலும் அமைத்தும் கொடுத்தார். அவருக்கு இந்த நிர்வாகம் கடமைப்பட்டிருக்கிறது.

பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளையும் இதே பெட்டியில் மாற்றினோம். வீடியோ உள்ளீட்டு யூஎஸ்பி கருவி ஒன்று சேர்த்தால் போதும். சனிக்கிழமை மாலைகளில் கல்யாண கேசட்டுகளைத் தூக்கிக்கொண்டு வெளியாட்கள் வந்தார்கள். பல கேசட்டுகளின் ஜன்னல் வழியே பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. அதை அப்படியே விசிஆரில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்து வரும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை ஏறும். அதனால் திருகாணி ஐந்தையும் கழற்றி, சுருளைச் சுத்தம் செய்து, அதற்கென்றே ஒதுக்கிய விசிஆரில் ஓட்டினோம். இந்த வேலை பொறுமை கேட்கும். ஒரு கேசட் மூன்று மணி நேரம் என்றால் மாற்றவும் மூன்று மணி நேரம்தான், குறுக்கு வழி கிடையாது.

இங்கே ஒன்றை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். அந்தச் சனிக்கிழமைகளில் வெளியூரிலிருந்துகூட ஆள் வந்தது, நம் உறுப்பினர்களில் வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வாட்ஸாப்பில் கட்டைவிரலை உயர்த்துபவர்கள் நேரில் வருவதில்லை. பொருளாளரும் நானும் பூட்டைத் திறந்து, நாங்களே கூட்டி, நாங்களே பூட்டிவிட்டுப் போன நாட்கள் பல. ஆண்டுச் சந்தா 600 ரூபாய். மாதத்துக்கு ஐம்பது. பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் கட்டவில்லை, சிலருக்கு இரண்டு ஆண்டு பாக்கி. கடிதம் போட்டோம், போன் செய்தோம், ஒரு சிலர் வீட்டுக்கும் போனோம். சிரமத்தில் இருப்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், அது என்னோடு நிற்கும். வசதி இருந்தும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பவர்களைத்தான் சொல்கிறேன்.

சங்கம் ஆறு ட்யூனர்கள் வாங்கி உறுப்பினர்களுக்கு இரவல் தந்தது. மூன்று திரும்பவில்லை. பெட்டி செய்து பழகத்தான் கொடுத்தோம், செய்யாவிட்டால் அடுத்தவருக்குப் போக வேண்டும். பெயரை இங்கே வாசிக்கப் போவதில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியும்.

இன்னொன்று. பதிவு செய்த நிகழ்ச்சி ஒன்றை உறுப்பினர் ஒருவர் வாட்ஸாப் குழுக்களில் பரப்பியது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒளிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்துகொள்ள இடம் தருகிறது. ஊருக்கு விநியோகிக்க அது இடம் தரவில்லை. சங்கப் பெட்டியில் பதிந்தது வீட்டோடு இருக்கட்டும். இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கிறோம்.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், கையிருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. கேசட் மாற்ற வந்தவர்கள் விருப்பத்தோடு கொடுத்த நன்கொடைதான் வாடகைக்குக் கைகொடுத்தது. தணிக்கையாளர் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்.

ஆலோசனை சொன்ன தலைவர், கணக்கைக் கவனித்த பொருளாளர், கூட்டம் நடத்த இடம் தந்த கட்டட உரிமையாளர், பாதி விலையில் கேபிள் கொடுத்த டவுன்ஹால் ரோடு கடைக்காரர், தேநீர் தந்த அண்ணன், அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி மனம்விட்டுச் சொல்கிறேன். நிரல் எழுதிய தம்பி பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருக்கு வாழ்த்துகள். அவர் எழுதியது எல்லாம் தமிழ்க் குறிப்புகளோடு நிரல்களைச் சேமித்து வைக்கும் சங்கத்தின் கிட் களஞ்சியத்தில் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் எடுத்துப் பார்த்தவர் இதுவரை யாருமில்லை. மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்து ஏதாவது ஒன்று ஓடாமல் போனால், சரி செய்ய இன்று சங்கத்தில் ஆள் கிடையாது. எனக்கு சால்டரிங் தெரியும், ஆன்டெனா தெரியும், நிரல் ஓரளவுதான் தெரியும். யாரும் தொடாத திறந்த பெட்டியும், அந்தத் தல்லாகுளம் வீட்டு டிஸ்க்கும் கொஞ்ச நாளில் ஒரே நிலைக்கு வந்துவிடும் என்பதே என் பயம். பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் தெரிந்த இரண்டு பேர், மாதத்தில் இரண்டு மாலை ஒதுக்கினால் போதும். உங்கள் பிள்ளைகளாக இருந்தாலும் சரி, கல்லூரி மாணவர்களுக்குச் சந்தாவில் பாதி தள்ளுபடி தர நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

செயலாளர் பொறுப்பைப் பொறுத்தவரை, பொதுக்குழு விரும்பினால் தொடர்கிறேன். புதியவர் முன்வந்தால் சாவி, பதிவேடு, பெட்டி எல்லாவற்றையும் இன்றே ஒப்படைத்துவிட்டு, கூடவே இருந்து சொல்லிக்கொடுக்கவும் தயார். எப்படி இருந்தாலும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தில் இருப்பேன். பூஞ்சை ஏறிய கேசட்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் காத்திருக்கின்றன, திருகாணி கழற்றத் தெரிந்தாலே போதும்.

பாக்கி சந்தாவை வாசலில் உள்ள மேஜையில் பொருளாளரிடம் கட்டி ரசீது பெற்றுக்கொள்ளலாம், ஜிபேயும் உண்டு. ட்யூனர்களை இந்த மாத இறுதிக்குள் சேர்த்துவிடுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
மதுரை