ஹாம்ப்டனின் 20 ஷில்லிங்கும் பாஸ்டன் தேயிலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். பள்ளி மாணவர்களும் படித்துப் புரிந்துகொள்ளும்படி எளிய நடையில் அமைந்திருந்தது. ஆயினும் அதிலுள்ள இரண்டு செய்திகள் என்னை உறுத்துகின்றன. பிரிட்டன் தேயிலை வரியை உயர்த்தியதால் விலை ஏறியது, அந்தக் கோபத்தில் பாஸ்டன் மக்கள் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் என்பது ஒன்று. ஆங்கிலேயரின் அரசியல் மரபுகளை உதறிவிட்டுப் பிறந்த நாடு அமெரிக்கா என்பது மற்றொன்று. முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். முதல் பிழைதான் இரண்டாவது பிழைக்கு வழிவிடுகிறது என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் விலையை ஏற்றவில்லை, இறக்கியது. பணமுடையில் தத்தளித்த கிழக்கிந்தியக் கம்பெனியை, அதாவது சென்னைக் கோட்டையில் கொடியேற்றியிருந்த அதே கம்பெனியைக் கைதூக்கிவிடுவதற்காக, அதன் கிடங்குகளில் தேங்கிக் கிடந்த சீனத் தேயிலையை நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்ப நாடாளுமன்றம் அனுமதித்தது; பிரிட்டனில் வசூலித்த சுங்கத்தையும் திருப்பிக் கொடுத்தது. இதனால், டச்சுக்காரர்களிடமிருந்து கடத்தி வரப்பட்ட தேயிலையோடு போட்டியிடும் அளவுக்குக் கம்பெனித் தேயிலை மலிவானது. அமெரிக்காவில் செலுத்த வேண்டியிருந்தது 1767இல் விதிக்கப்பட்ட, ராத்தலுக்கு (ஒரு பவுண்டு எடைக்கு) 3 பென்ஸ் என்ற பழைய வரி மட்டுமே. அவ்வாறிருந்தும் அந்த ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இரவில் சுமார் 340 பெட்டித் தேயிலை பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டது. கடத்தல் வணிகர்களின் ஆதாயமும் இதில் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குறைந்த விலைக்குக் கிடைக்கவிருந்த பொருளை ஓர் ஊரே சேர்ந்து ஏன் வேண்டாம் என்றது? தங்கள் கட்டுரை இந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை.

விடை இங்கிலாந்தில், அதற்கும் 136 ஆண்டுகளுக்கு முன்னால் இருக்கிறது. நாடாளுமன்றத்தைக் கூட்டாமலேயே ஆண்டுகொண்டிருந்த முதலாம் சார்லஸ் மன்னர், போர்க்காலத்தில் கடலோர ஊர்களிடம் கடற்படைக்காகக் கேட்டு வாங்கும் 'கப்பல் பணம்' என்ற பழைய வழக்கத்தை, போர் இல்லாத காலத்தில் உள்நாட்டு மாவட்டங்களுக்கும் நீட்டினார். பக்கிங்காம்ஷயரைச் சேர்ந்த ஜான் ஹாம்ப்டன் என்ற பெரும் நிலக்கிழாரின் ஒரு நிலத்துக்கு 20 ஷில்லிங் விதிக்கப்பட்டது. அவர் கட்ட மறுத்தார். 1637இல் வழக்கு 12 நீதிபதிகள் முன் வந்தது. 7 பேர் மன்னர் பக்கமும் 5 பேர் ஹாம்ப்டன் பக்கமும் நின்றனர். வழக்கில் தோற்ற அவர்தான் நாட்டின் நாயகனானார். நாடாளுமன்றத்தின் சம்மதமின்றி வரி கிடையாது என்று 1628ஆம் ஆண்டின் உரிமை விண்ணப்பத்தில் ஏற்றுக்கொண்ட மன்னர் அதை மீறிவிட்டார் என்பதுதான் ஹாம்ப்டனின் வழக்கு. 20 ஷில்லிங் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

1774 ஏப்ரலில், தேயிலை வரியை நீக்கச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் அதன் கீழவையான காமன்ஸ் அவையில் ஆற்றிய உரையில் ஹாம்ப்டனைத்தான் நினைவூட்டினார். 20 ஷில்லிங் கொடுத்தால் ஹாம்ப்டனின் செல்வம் அழிந்துவிடுமா? அழியாது, ஆனால் எந்த அடிப்படையில் அது கேட்கப்பட்டதோ அந்த அடிப்படையில் அதில் பாதியைக் கொடுத்திருந்தாலும் அவர் அடிமையாகியிருப்பார் என்றார் பர்க். பாஸ்டன் மக்களின் 3 பென்ஸும் இதே போன்றதுதான். அவர்களுக்கு ஹாம்ப்டன் அந்நியரும் அல்லர். வர்ஜீனியாவில் 1775இல், போர் தொடங்கிய அதே ஆண்டில், ஒரு கல்லூரி அவர் பெயரையும் மன்னராட்சியை எதிர்த்த ஆங்கிலேயர் ஆல்ஜர்னன் சிட்னியின் பெயரையும் தாங்கித் தொடங்கப்பட்டது, இன்றும் நடக்கிறது.

குடியேறியவர்கள் இந்த மரபைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள் அல்லர். வர்ஜீனியாவுக்கு 1606இல் வழங்கப்பட்ட அரச சாசனமே, அங்கு குடியேறுவோருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் இங்கிலாந்திலேயே பிறந்து வாழ்பவர்களுக்குரிய உரிமைகள் அனைத்தும் உண்டு என்று கூறியது. 1619 ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் அவர்களுடைய முதல் பிரதிநிதிகள் அவை கூடியது. மாசசூசெட்ஸின் பழைய சாசனம் பறிக்கப்பட்ட பின், ஆளுநர் ஆண்ட்ரோஸ் 1687இல் எந்த அவையையும் கூட்டாமல் வரி விதித்தபோது, இப்ஸ்விச் என்ற சிற்றூரின் போதகர் ஜான் வைஸ் அதை எதிர்த்து ஊரைத் திரட்டினார். சிறையும் 50 பவுண்டு அபராதமும் அவருக்குக் கிடைத்தன. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய பழைய ஆங்கில சாசனமான மாக்னா கார்ட்டாவைக் காட்டி வாதிட்ட வைஸிடமும் ஊராரிடமும், இங்கிலாந்தின் சட்டங்கள் உலகின் கடைக்கோடி வரை உங்களைப் பின்தொடர்ந்து வரும் என்று எண்ண வேண்டாம் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதன் பிறகு நடந்த நூறாண்டுப் பூசல் முழுவதற்கும் வித்து இந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாகவே நான் வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். இரண்டே ஆண்டுகளில், மன்னர் இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்து மூன்றாம் வில்லியம் இங்கிலாந்தில் இறங்கிய செய்தி எட்டியவுடன், பாஸ்டன் மக்கள் ஆண்ட்ரோஸைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள்.

சிக்கல், ஜேம்ஸ் நீங்கி வில்லியம் மன்னரான அந்த 1688-89ஆம் ஆண்டுப் புரட்சியிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தப் புரட்சியிலிருந்து இங்கிலாந்தில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்ட பாடம், நாடாளுமன்றமே எல்லாவற்றுக்கும் மேலானது என்பது. ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1765இல் அதைச் சட்டக் கோட்பாடாகவே எழுதி வைத்தார். கடலுக்கு அப்பால் இருந்தவர்களோ, தம் சம்மதம் பெறாத எந்த அதிகாரமும் தம்மிடம் வரி கேட்க முடியாது என்று அதே புரட்சியைப் புரிந்துகொண்டார்கள். பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் விட்டுச்சென்ற, 12 கோடிப் பவுண்டுக்கும் மேற்பட்ட கடனைச் சமாளிக்க 1765இல், குடியேற்றங்களின் பத்திரங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் வரி விதித்த முத்திரைத்தாள் சட்டம் வந்தபோது இவ்விரு புரிதல்களும் நேருக்கு நேர் மோதின. குடியேற்றங்களுக்கு உறுப்பினர் இல்லாவிட்டாலும் நாடாளுமன்றம் எல்லோருக்குமாகவே பேசுகிறது என்று லண்டனில் இருந்தவர்கள் வாதிட்டார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கும்தான் உறுப்பினர் இல்லை என்றார்கள். ஆள் குடியிருக்காத ஓல்டு சாரம் மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்த அவையின் வாதம் அது! 1766இல் சட்டத்தைத் திரும்பப் பெற்ற அதே நாளில், குடியேற்றங்களை எல்லா விஷயங்களிலும் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனக்கு உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றிக்கொண்டது.

1774இல் பிலடெல்பியாவில் கூடிய 12 குடியேற்றங்களின் மாநாடு, இயற்கையின் மாறாச் சட்டங்கள், ஆங்கில அரசியலமைப்பின் கொள்கைகள், தத்தம் சாசனங்கள் ஆகிய மூன்றையும் தன் உரிமைகளுக்கு ஆதாரமாகக் காட்டியது. 1775 கோடையில்கூட மன்னருக்கு இணக்க மனு போயிற்று. அவர் அதை வாங்கவே மறுத்துவிட்டார். மறு ஆண்டு ஜனவரியில் எழுத்தாளர் தாமஸ் பெயின் முடியாட்சியையே சாடி எழுதிய பிறகுதான், ஆங்கிலேயரின் உரிமை என்ற பேச்சு பின்னுக்குப் போய் மனிதரின் உரிமை என்ற பேச்சு முன்னுக்கு வந்தது. இந்தப் புதுமையைத் தங்கள் கட்டுரை சரியாகவே பாராட்டியிருக்கிறது. ஆனால் பிரகடனத்தின் பெரும்பகுதி மன்னர் மீதான குற்றப்பட்டியல். இரண்டாம் ஜேம்ஸின் குற்றங்களை வரிசையாக அடுக்கிய 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் வார்ப்பு அது. நாடாளுமன்றம் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் வராது. தம்மைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு உரிமையே இல்லை என்று கருதியவர்கள், அறுக்க வேண்டிய ஒரே உறவு மன்னரோடுதான் என்று முடிவு செய்திருந்தார்கள்.

இந்த மரபைப் போற்றிச் சொல்லும்போது என் மனத்தை வருத்துவது ஒன்றுண்டு. ஜேம்ஸ்டவுனில் முதல் அவை கூடிய சில வாரங்களிலேயே, 1619 ஆகஸ்டில், இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை ஏற்றி வந்த கப்பல் வர்ஜீனியாக் கரையை அடைந்தது. அவர்கள் உணவுப்பொருளுக்கு விற்கப்பட்டார்கள். சம்மதமின்றி வரி கொடுத்தால் அடிமையாவோம் என்று எழுதியவர்களில் பலர் மனிதர்களையே உடைமையாக வைத்திருந்தார்கள். விடுதலைப் பிரகடனத்தைப் பற்றி எழுதும் எந்தக் கட்டுரையும் இதைத் தவிர்க்கலாகாது. தங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வேதனையளித்தது.

ஆங்கில மரபை அமெரிக்கா உதறவில்லை என்பதற்கு ஒரு சான்று போதும். அளவுக்கு மீறிய பிணைத்தொகை கேட்கக் கூடாது, அளவுக்கு மீறிய அபராதம் விதிக்கக் கூடாது, கொடிய, வழக்கத்துக்கு மாறான தண்டனைகள் வழங்கக் கூடாது என்பது 1689ஆம் ஆண்டு ஆங்கில உரிமைச் சட்டத்தின் வாசகம். போரில் வென்று தனிநாடான பின், 1791இல், அமெரிக்கர்கள் ஏறக்குறைய அதே சொற்களைத் தம் அரசியலமைப்பின் எட்டாவது திருத்தமாக வைத்துக்கொண்டார்கள்.

தங்கள் இதழின் வரலாற்றுப் பக்கத்தை மாணவர்கள் நறுக்கி எடுத்து நோட்டில் ஒட்டி வைப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே, தேயிலை விலை ஏறியதாக வந்துள்ள அந்த ஒரு வரிக்கேனும் அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்.