பழைய பத்திரங்களை எடைக்குப் போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

குடும்ப வரலாறு தேடுவது பற்றிய கட்டுரை படித்தேன். வருவாய்த்துறை ஆவணங்களில் தொடங்கச் சொன்னது நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த வழி பாதியிலேயே நின்றுவிடும். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நாங்கள் திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்கு முந்தைய சர்க்கார் காகிதங்களில் பெரும்பகுதி மலையாளம். திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்துக்குத்தான் நடக்க வேண்டும்.

எனவே முதலில் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்பேன். எங்கள் வீட்டில் ஓர் ஒற்றிப் பத்திரம் (நிலத்தை அடமானமாக ஒப்படைத்துப் பணம் வாங்கும் பத்திரம்) உண்டு. 1083 மகரம் (நம் தை மாதம்) என்று தொடங்குகிறது. அது மலையாள நாட்டுக் கொல்லம் ஆண்டு, ஆவணியில் பிறப்பது. ஆங்கில ஆண்டு தெரிய, டிசம்பர் வரை என்றால் 824-ம், ஜனவரிக்குப் பிறகு என்றால் 825-ம் கூட்ட வேண்டும். ஆக, 1908-இன் தொடக்கம். எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர், வீட்டுப்பெயர், சாட்சிகள், எழுதிய ஆள் எல்லாம் வரிசையாக இருக்கிறது. கிழக்கெல்லையில் இருந்த வயல் யாருடையது தெரியுமா? எங்கள் பாட்டி அடிக்கடி சொல்லும் பெரியம்மாவுடையது! தொடர்பு விட்டுப்போன ஒரு கிளையை அந்த ஒரு வரியை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

எங்கள் மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டுப் பகுதி வேளாளர் குடும்பங்களில் தகப்பன் வழியை மட்டும் பிடித்துப் போனால் ஒன்றும் சிக்காது. அங்கே இருந்தது மருமக்கள் வழி, அதாவது சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை. தாய்மாமன் பெயரைத் தேட வேண்டும். அந்த முறையை மாற்றி 1926-இல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்துக்குப் பிறகு எழுதிய பாகப் பத்திரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் கைக்குழந்தை பெயர்கூட வயதோடு இருக்கிறது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சபைப் புத்தகங்கள் உண்டு: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். மயிலாடி போன்ற பழைய சபைகளைப் பற்றி லண்டன் மிஷன் பாதிரிமார் எழுதி அனுப்பிய கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இங்கே, நம் வீடுகளில் இருப்பவைதான் அழிகின்றன. புதுப் பட்டா கைக்கு வந்ததும் பழைய கட்டு எடைக்குப் போகிறது. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிப் பார்த்து வெளிக்கொண்டு வந்திராவிட்டால் நாஞ்சில் நாட்டின் எத்தனை நூற்றாண்டுச் செய்தி போயிருக்கும்!

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த எங்கள் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பழைய கையெழுத்தை வாசித்துச் சொல்ல அப்புறம் யாரிடம் போவது? திருவிதாங்கூர் காலத்து நிலப் பதிவேடுகளின் நகல்களை நாகர்கோவிலில் ஓரிடத்தில் வைத்து, வாசித்துச் சொல்ல ஓர் ஆளையும் அரசு நியமிக்க வேண்டும். அதுவரை, பத்திரத்தின் இரண்டு பக்கத்தையும் முத்திரையோடு செல்போனில் படம் எடுத்து, பெரியவர்கள் வாசிப்பதையும் பதிவு செய்து வைக்கலாம்.

உங்கள் இதழ் மாதம் ஒரு பழைய பத்திரத்தைப் படத்தோடும் விளக்கத்தோடும் வெளியிட முடியுமா? முதல் நகலை நான் அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பூதப்பாண்டி