கடமை உஸ்தாதுக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

"ஓதிக்கொடுக்கக் கூலி வாங்குவது உஸ்தாதுக்கு அழகல்ல" என்று சென்ற இதழில் உஸ்தாதின் (மார்க்க ஆசிரியரின்) கடமைகளைப் பட்டியல் போட்ட மார்க்கக் கல்விக் கட்டுரையில் ஒரு வரி. ஆதாரம் இமாம் கஸ்ஸாலியாம். கட்டுரையாளருக்குச் சன்மானம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன், சந்தோஷம்.

கஸ்ஸாலி அதைச் சொல்லவில்லை என்று வாதாட வரவில்லை. அவருடைய 'இஹ்யா' நூலில் ஆசிரியரின் கடமைகளில் அது இரண்டாவது. முதலாவது, மாணவனைப் பெற்ற பிள்ளையாக எண்ணி இரங்குவது. தவறைப் பலர் முன் போட்டு உடைக்காமல் குறிப்பால் திருத்துவது, அவன் அறிவுக்கு எட்டுமளவு சொல்லிக்கொடுப்பது, சொன்னபடி தானும் நடப்பது எல்லாம் அங்கேயே இருக்கின்றன. கட்டுரையாளர் கண்ணில் பட்டதோ சம்பளம் ஒன்றுதான். 1091-ல் கஸ்ஸாலி பாடம் நடத்த அமர்ந்த பக்தாத் நிழாமிய்யா மத்ரஸா வக்ஃபு (அறக்கொடை) வருமானத்தில் நடந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. முற்கால ஹனஃபி சட்டப்பள்ளி இமாம்கள் விலக்கிய கூலியைப் பிற்காலத்தவர் ஏன் அனுமதித்தார்கள்? ஓதிக்கொடுக்க ஆளே இல்லாமல் போய்விடும் என்ற பயத்தில்தானே!

காலமெல்லாம் மக்தபில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவன் நான். 'ஐன்' என்ற அரபு எழுத்து தொண்டையிலிருந்து வராத பிள்ளையோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். பெற்றவர்கள் கேட்பது "எப்ப ஓதி முடிப்பான், ஹஸரத்?" என்பதை மட்டும். பள்ளிப் பரீட்சை வந்தால் முதலில் நிறுத்தப்படுவது மத்ரஸாதான். பிறகு பிள்ளை தொழவில்லை என்றால் உஸ்தாது சரியில்லை! டியூஷன் வாத்தியாரிடம் இக்லாஸை (தூய எண்ணத்தை) பற்றிப் பேசியவர் எவரையும் நான் கண்டதில்லை. ஒருமுறை சம்பளம் தள்ளிக்கொண்டே போனபோது, "உங்க கூலி அல்லாஹ்விடம் இருக்கு ஹஸரத்" என்றார் நிர்வாகி ஒருவர். அந்தக் கூலியில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாடகை கேட்டு வந்தவருக்குத்தான் அதைப் புரியவைக்க முடியவில்லை.

கட்டுரையின் தலைமாட்டில் வழக்கம்போல் தாடியும் பிரம்புமாக ஒரு படம். அடிப்பவர்கள் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. அவர்களோடு நானே சண்டை போட்டிருக்கிறேன். தொழுகையில் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி), நபி (ஸல்) அவர்கள் தம்மைக் கடிந்துகொள்ளவுமில்லை, அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை, அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதேயில்லை என்று சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. கடுமை பிள்ளையைப் பொய்க்குப் பழக்கும் என்று வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் எழுதியதும் பதினான்காம் நூற்றாண்டிலேயே. கடமைகளைப் பட்டியல் போட்ட கட்டுரையில் இவற்றுக்கு இடமில்லை, பிரம்புக்கு மட்டும் அரைப் பக்கம்.

முன்பு ஹிஃப்ழ் (குர்ஆன் மனனம்) மாணவர்களைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை நான்கு வரியாகச் சுருக்கிவிட்டீர்கள். இதையும் சுருக்குங்கள், பத்திரிகை உங்களுடையது. 'தொடரும்' என்று போட்டிருக்கிறீர்களே, அடுத்த பகுதியில் பெற்றோரின் கடமையும் நிர்வாகத்தின் கடமையும் வருமா என்றுகூட நான் கேட்கப்போவதில்லை. அந்தப் பிரம்புப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். வேறு படம் கிடைக்காவிட்டால் இடத்தை வெறுமனே விட்டாலும் சரி.

வஸ்ஸலாம்.
ஓய்வுபெற்ற மக்தப் உஸ்தாது ஒருவர்