புகார்: நான்கு இன்ஜெக்டர் மாற்றியும் தீராத காலை ஸ்டார்ட் கோளாறு

அனுப்புநர்:
டீசல் பிக்கப் உரிமையாளர்,
லிந்தாங் சாலை, சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 80,000 கிலோமீட்டர் சர்வீசுக்குப் பின் வந்த கோளாறு; தேவையின்றி மாற்றிய உதிரிப்பாகங்களுக்கும் கூலிக்கும் வாங்கிய 6,780 வெள்ளியை (ரிங்கிட்) திருப்பித் தருவது.

ஐயா / அம்மையீர்,

உங்கள் ஈப்போ கிளையில் என் 2.5 லிட்டர் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டீசல் வண்டிக்கு 80,000 கிலோமீட்டர் சர்வீஸ் நடந்தது. எஞ்சின் எண்ணெய், எண்ணெய் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாற்றியதாக பில்லில் இருக்கிறது. மறுநாள் காலையிலிருந்து ஒரே கோளாறு. இரவு முழுக்க நின்ற வண்டி, ஸ்டார்ட்டர் 8 முதல் 10 விநாடி சுற்றிய பிறகுதான் பற்றுகிறது. பற்றியதும் சற்றுத் தடுமாறி, அரை நிமிடத்தில் சீராகிவிடும். அதன்பின் அன்று எத்தனை முறை அணைத்தாலும் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பும். சர்வீசுக்கு முந்தின நாள்வரை இப்படி இல்லை.

இதற்கு உங்கள் கிளை பார்த்த வைத்தியம்: சிலிண்டருக்குள் டீசலைப் பாய்ச்சும் இன்ஜெக்டர் நான்கு புதிது, ஒன்று 1,450 வெள்ளி, குளிர்ந்த எஞ்சின் கிளம்பச் சூடேற்றும் குளோ பிளக் நான்கு, ஒன்று 95 வெள்ளி, கூலி 600 வெள்ளி. காலைக் கோளாறு ஒரு விநாடிகூடக் குறையவில்லை.

இன்ஜெக்டர் தேய்ந்தால் கோளாறு எந்த நேரத்தில் தலைகாட்டும் என்று உங்கள் போர்மன் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். ரெயிலில் ஏறக்குறைய 200 முதல் 250 பார் அழுத்தம் சேர்ந்த பிறகுதான் ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜெக்டரைத் திறக்கும். தேய்ந்த இன்ஜெக்டர் அந்த டீசலை, மிஞ்சியது டாங்கிக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் வழியாக ஒழுகவிடும், அழுத்தம் ஏறத் தாமதமாகும். எஞ்சின் சூடானால் டீசல் இன்னும் நீர்த்துப்போகும், ஒழுக்கும் கூடும். ஆகவே இன்ஜெக்டர் தேய்ந்த வண்டி, ஓடிச் சூடேறி, கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போதுதான் அதிகம் அடம்பிடிக்கும். என் வண்டியில் நடப்பது இதற்கு நேர்மாறு. ராத்திரி நின்றால் மட்டும் கோளாறு, சூட்டில் சுத்தமாக இல்லை என்றால் முதலில் தேடவேண்டியது, டீசல் டாங்கிக்குத் திரும்பி வடிந்து குழாயில் காற்று புகும் இடத்தை.

குளோ பிளக் விஷயத்தை விரித்துப் பேச விருப்பமில்லை. சுங்கை சிப்புட்டில் விடியற்காலை வெப்பம் 24 பாகையை ஒட்டி இருக்கும். இந்த வெப்பத்தில் நல்ல கம்ப்ரெஷன் உள்ள காமன் ரெயில் எஞ்சின், நான்கு பிளக்கும் செத்திருந்தாலும் பெரும்பாலும் கிளம்பிவிடும். கழற்றிய பிளக்குகளை மீட்டரில் வைத்து ஓம் (மின்தடை) பார்த்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இன்ஜெக்டரை மாற்றச் சொல்வதற்கு முன் ரிட்டர்ன் அளவுச் சோதனை செய்திருக்க வேண்டும். இருபது நிமிட வேலை. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, அளவுக்கோடு போட்ட நான்கு குழல்களில் தனித்தனியாக விட்டு, டாங்கிக்குப் போகும் வழியை அடைத்து, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும். ஒரு குழலில் மட்டும் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ நிறைந்தால் அந்த இன்ஜெக்டர்மேல் சந்தேகப்படலாம். நான்கும் ஒரே அளவாக, தயாரிப்பாளர் சொன்ன வரம்புக்குள் நின்றால் கோளாறு வேறு இடத்தில். பில்லில் இந்தச் சோதனைக்கு ஒரு வரிகூட இல்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ரெயில் அழுத்தம் எவ்வளவு என்ற ஸ்கேனர் அளவும் இல்லை.

பணம் கட்டிய பிறகும் கோளாறு நீடிப்பதைச் சொன்னபோது, சர்வீஸ் கவுண்டரில் கிடைத்த பதில்: "தோட்டத்துப் பக்கம் டீசல் சரியிருக்காது." 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது முதல், தோட்டப் பட்டணத்து வண்டி என்றாலே பம்பில் போடாமல் டிரம்மில் வாங்கும் மலிவு டீசல்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள்போலும். என் பம்ப் ரசீதுகள் இணைப்பில் உள்ளன. பி10 டீசலில் பத்து விழுக்காடு கலந்திருக்கும் செம்பனை எஸ்டர் (செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல்) சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுக்கும் என்பது உண்மை. டாங்கியின் அடியில் நீர் தேங்கினால் நீரும் டீசலும் சேரும் இடத்தில் பாசி மாதிரி நுண்ணுயிர் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஃபில்டர் அடைத்த வண்டி மேட்டில் மிதிக்கும்போது இழுக்காது. இந்த வண்டி சுமையோடு மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தைக் குறையில்லாமல் ஏறுகிறது. ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி 200 மில்லி டீசலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தேன். நீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். ஒரு துளிகூட இல்லை. பழி சொல்வதற்கு முன் நீங்கள் செய்திருக்க வேண்டிய சோதனை இது.

உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க ஆனது ஓர் இரவும் ஒரு முழ நிறமில்லாக் குழாயும். டீசல் தாங்கும் அந்தக் குழாயை ஃபில்டருக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் நடுவில் பொருத்தி, வண்டியை இரவு நிறுத்தினேன். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு வெறும் காற்று. ஃபில்டர் தலையிலுள்ள கைப்பம்ப் தொளதொளவென்று இருந்தது. இருபது முறை அழுத்தி அது கெட்டியானதும் சாவியைத் திருப்பினால் ஒரே விநாடியில் பற்றியது. மறுநாள் இரவு ஃபில்டரை விலக்கிவிட்டு, பம்பைவிட உயரத்தில் கட்டிய சுத்தமான டீசல் கேனிலிருந்து நேராகக் குழாய் கொடுத்தேன். காலையில் அதே மாதிரி ஒரே விநாடி.

ஃபில்டரைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது. மேல் ரப்பர் வளையம் ஓர் இடத்தில் முறுக்கி நசுங்கிக் கிடந்தது. புது ஃபில்டர் போடும்போது வளையத்தில் டீசல் தடவிக் கையால் திருகவேண்டும். காய்ந்தபடியே வைத்து ரென்ச்சால் இறுக்கினால் இப்படித்தான் புரளும். "வெளியே ஒரு சொட்டுகூட இல்லையே, லீக் எங்கே?" என்று உங்கள் போர்மன் கேட்டார். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். பத்து வெள்ளிக்கும் குறைவான வளையத்தை மாற்றியபின் கடந்த மூன்று வாரமாகக் காலை ஸ்டார்ட், சர்வீசுக்கு முன் இருந்தபடி சரியாக உள்ளது.

இதோடு முடிந்திருந்தால் பணத்தோடு போயிற்று. இன்ஜெக்டர் மாற்றிய நாளிலிருந்து ஐடிலில் உதறலும், குளிர்ந்த எஞ்சினில் தட்டும் சத்தமும், கிளம்பும்போது கரும்புகையும் சேர்ந்துகொண்டன. ஸ்கேனரில் பார்த்தால் ஈ.சி.யூ.வில் இருப்பவை இன்னும் பழைய இன்ஜெக்டர்களின் குறியீடுகள். ஒவ்வோர் இன்ஜெக்டரும் பாய்ச்சும் அளவில் நூலிழை வித்தியாசம் உண்டு. அதன் தலையில் அச்சிட்ட குறியீட்டை ஈ.சி.யூ.வில் ஏற்றினால்தான் அது ஈடுசெய்யும். இரண்டாம் சிலிண்டரில் "சுஸ் சுஸ்" என்ற சத்தமும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார்போல் கருப்புக் கசடும் உள்ளன. பில்லில் புதுச் செம்பு வாஷர் இல்லை, ஆகவே பழையதையே போட்டிருக்கிறீர்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு மறுமுறை மூடாது. எரியும் வாயு அந்த வழியே கசிந்து, கசடு கல்லாக இறுகி, அடுத்த முறை இன்ஜெக்டரைக் கழற்ற சிலிண்டர் ஹெட்டையே இறக்கவேண்டி வரும். இந்த எஞ்சினில் இன்ஜெக்டர் அடிப்பாகம் வால்வு மூடிக்குள் இருப்பதால், கரி எண்ணெயில் விழுந்து எண்ணெய்ப் பம்பின் சல்லடையையும் அடைக்கக்கூடும். நான் அவசரப்படுவது இதற்காகத்தான்.

ஆகவே 6,780 வெள்ளியை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். இன்ஜெக்டர் இருக்கைகளைச் சுத்தம் செய்து, நான்கிலும் புதுச் செம்பு வாஷர் போட்டு, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் இறுக்கி, நான்கு குறியீடுகளையும் ஈ.சி.யூ.வில் ஏற்ற வேண்டும். எண்ணெய்த் தொட்டியை இறக்கிச் சல்லடையைப் பார்த்து எண்ணெயையும் மாற்ற வேண்டும். எல்லாம் உங்கள் செலவில். கழற்றிய பழைய இன்ஜெக்டர்கள் என் சொத்து, அவையும் திரும்ப வேண்டும். அவற்றைச் சோதனை மேசையில் ஏற்றினால் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும்.

14 நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிவு செய்வேன். அங்கே 50,000 வெள்ளிவரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி.

வேலைக்கு நாள் குறித்தால் வண்டியை முந்தின நாள் மாலையே கொண்டுவந்து விடுகிறேன். நசுங்கிய வளையத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன், அதையும் எடுத்து வருவேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்

இணைப்பு: இரண்டு பில்களின் நகல், பம்ப் ரசீதுகள், நிறமில்லாக் குழாயில் காற்று நிற்கும் படம், ஸ்கேனர் திரையின் படம்.